கால்வாய்க்கரையைப் பதிவு செய்ய வந்தவர்

போன வாரம் வேளச்சேரியில் மகள் வீட்டில் இருந்தேன். பேரன் கைபேசியை என் வாய்க்கு நேரே நீட்டினான். பேசினால் அதுவே எழுதுமாம். "மயிலாப்பூர்ல மழ பேஞ்சிகினு கீதா?" என்று கேட்டேன். அது என்னத்தையோ எழுதியது. மயிலாப்பூர் மட்டும்தான் சரி. "தாத்தா, நீட்டா பேசு. அப்பதான் அதுக்குப் புரியும்" என்று சிரித்தான்.

சின்னப் பையன். அவன் மேல் கோபமில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தக் கைபேசியை நான் தொடவில்லை. அதிகம் பேசுகிறவன் இல்லை நான். எழுதுகிறவனும் இல்லை, படித்தது அஞ்சாவது. இதை மட்டும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் அடையாறில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. ஆற்றைப் பார்த்த பழைய பங்களா. மனிதன் எப்படிப் பேசுகிறான், சிலருக்கு ஏன் திக்குகிறது, பள்ளிக்கூடத்தில் சில பிள்ளைகளுக்கு ஏன் பேச்சு வரவில்லை, இதெல்லாம் அங்கே பார்ப்பார்கள். ஒருநாள் மெஷினே நம் பேச்சைக் கேட்டு எழுதும் என்று அங்கே ஒருவர் சொல்வார். டீ கொடுத்துவிட்டு வெளியே வந்து சிரிப்பேன். என் வேலை டேப் ரிக்கார்டர் தூக்குவது. டிரங்குப் பெட்டி கனம். பஸ்ஸில் மடியில் வைத்துப் போனால் தொடை மரத்துவிடும். சூடேறினால் ரெக்சினும் தூசியும் கருகுகிற வாசனை வரும். இன்றைக்கும் பழைய மிக்ஸி சூடானால் அதே வாசனைதான். எழுந்து வெளியே போய்விடுவேன்.

அங்கே பெரியவர் ஒருவர். டாக்டர் என்போம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, வெளிநாட்டில் படித்து வாங்கிய பட்டம்.

எங்கள் குடிசை மயிலாப்பூரில், கால்வாய்க் கரையில். என் தங்கை கன்னியம்மாவுக்குத் திக்குவாய். மாட வீதியில் அம்மா பூ கூவி விற்பாள், இவள் பின்னால் உட்கார்ந்து கட்டுவாள். தனியாகக் கடை போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வாய்விட்டுச் சொன்னதில்லை. புதுக் கூடை ஒன்றை வாங்கிக் கழுவி வைத்திருந்தாள். அதில் தெரிந்தது.

டாக்டரிடம் சொன்னேன். அழைத்து வா என்றார். தொடையில் விரலால் தட்டிக்கொண்டே, தட்டுக்கு ஒரு எழுத்தாகப் பேசச் சொல்லிக் கொடுத்தார். முன்பு எப்படி, பின்பு எப்படி என்று தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் டேப்பில் பிடித்தார். பேச்சு வந்தது. பொய் சொல்லவில்லை, அந்த ஆளை நான் கும்பிட்டிருக்கிறேன். கடைசியாகப் பிடித்த அன்று "கதம்பம், மல்லி, கனகாம்பரம்" என்று தடங்கல் இல்லாமல் கூவினாள். கூவிவிட்டு அவளே திரும்பிப் பார்த்தாள், யார் கூவியது என்பதுபோல.

அப்புறம் தி. நகரில் ஒரு மண்டபத்தில் கூட்டம். பெரிய மனிதர்கள் நிறையப் பேர். தங்கையையும் அழைத்து வரச் சொன்னார். மேடையில் கூவச் சொல்வார் என்று அவள் தாவணியை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். டாக்டர் முதல் நாள் டேப்பைப் போட்டார். அவள் தன் பெயரைச் சொல்ல முட்டி மோதுகிற டேப். மண்டபம் சிரித்தது. அதோடு விட்டிருக்கலாம். திருப்பிச் சுற்றி, இன்னொரு தரம் போட்டார். நல்ல டேப்பைப் போடவே இல்லை.

சிரிப்பைக்கூட மறந்திருப்பேன். அந்த இரண்டாவது தரத்தை மறக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் விரல் தட்டவில்லை. மறுநாள் கூடையைப் பக்கத்து வீட்டில் கோழி மூடக் கொடுத்துவிட்டாள்.

அடுத்ததாக டாக்டருக்குக் கால்வாய்க்கரைப் பேச்சு வேண்டியிருந்தது. அதைக் கேட்க வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருகிறாராம். பணம் தருகிறவர். ஆள் பிடித்துத் தா என்று என்னிடமே சொன்னார். சரி என்றேன்.

ரிக்‌ஷா ஓட்டும் ஏழுமலையிடம் போனேன். மண்டபத்தில் நடந்தது அவனுக்குத் தெரியும். "நம்ம பேச்சு ஓணுமாமா அவனுக்கு? ஒரு சொட்டு குடுக்கக் கூடாது நைனா" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற ஒண்ணு குடுப்போம்" என்றான்.

அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு கட்சிக் கூட்டம், மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி. மேடைத் தமிழ் எங்கள் எல்லாருக்கும் தண்ணீர் பட்ட பாடு.

மீன் விற்கும் ராணியம்மாவிடம் குழம்பு எப்படி வைப்பாய் என்று டாக்டர் கேட்டார்.

"முதற்கண் மீனைத் தூய நீரில் கழுவுதல் வேண்டும், ஐயா."

"வீட்ல பேசற மாதிரி பேசும்மா."

"இல்லத்தில் நாங்கள் இவ்வாறே உரையாடுகிறோம்."

கரை முழுக்க இப்படித்தான். அவர் முகம் திரும்பினால் அன்புடையீர், முதுகு திரும்பினால் கஸ்மாலம். கஸ்மாலத்தைப் பிடிக்க மைக்கோடு ஓடிவருவார். "வருக, வருக" என்பான் ஏழுமலை. நான் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு நடப்பேன். டாக்டருக்குப் புரியாமல் இல்லை. நல்ல தமிழ் பேசாதே என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வெளிநாட்டுக்காரர் வந்தார். டேப்புகளில் ஒன்றும் தேறவில்லை. உன் தங்கையையாவது கூட்டி வா என்றார் டாக்டர். கேட்டேன். சரி என்று தலையாட்டினாள்.

மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. பெயர் சொல்லு, பயப்படாதே, பூவைப் பற்றிச் சொல்லு என்று டாக்டர் கெஞ்சினார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேப் முழுதும் ஓடி, நுனி கழன்று டப் டப் என்று அடித்தது. அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இ... இ... இப்ப சிரி."

வெளிநாட்டுக்காரர் என்ன சொன்னாள் என்று கேட்டார். டாக்டர் குனிந்து மெஷினை அணைத்தார்.

எனக்கு வேலை போனது. அந்தப் பணம் வராமல் டாக்டரும் வேறு ஊருக்குப் போனார். சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் சந்தோஷம்தான்.

அந்த பங்களா இப்போது அடுக்குமாடி. கால்வாயில் பறக்கும் ரயில் தூண்கள் நிற்கின்றன. கரைக்காரர்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே விட்டார்கள். ஏழுமலை இல்லை, ராணியம்மா இல்லை. அவர்கள் நிஜமாகப் பேசிய பேச்சு எந்த டேப்பிலும் இல்லை. அதற்கு நான் வருத்தப்படவில்லை.

கன்னியம்மாவும் போய்விட்டாள். கடைசிவரை பூ கட்டினாள், கூவவில்லை. வேலை போன அன்று நிலையத்து ஸ்டோர் ரூம்காரர் ஒன்று சொன்னார். டேப் விலை அதிகம், தேவையில்லாததன் மேலேயே திரும்பப் பதிவு செய்வார்கள். அவள் தடங்கலில்லாமல் கூவிய டேப்பைத் தேவையில்லாதது என்று கொடுத்தவர் டாக்டர். அதன் மேல்தான் ராணியம்மா மீன் கழுவினாள்.

அந்தக் கூவல் எப்படி இருந்தது என்று சொல்ல இப்போது என்னைத் தவிர ஆள் இல்லை. கண்ணை மூடிக் கேட்டுப் பார்க்கிறேன். வருவதில்லை. அந்த ஆள் இரண்டாம் தரம் போட்டதுதான் வருகிறது.