ரொட்டி வண்டியின் நடுக்கம்

பட்டறையில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அது கரண்ட் பில்லில் மட்டும் புழங்கியது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடுவார். சுற்றி நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கண்ணைத் திறந்து "வாட்டர் பம்ப் பேரிங்" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தப்பாகிப்போன நாட்களில் வண்டிக்காரர்களே தங்கள் வண்டியின்மேல் பழியைப் போட்டுக்கொண்டார்கள். புகழில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. அந்தக் காது வீட்டில் மட்டும் வேலை செய்யாது. மனைவி சமையலறையிலிருந்து தொண்டை வறளக் கூப்பிட்ட பிறகுதான் "என்னது?" என்பார்.

அவருக்கு ஒரு சகலை இருந்தான். மனைவியின் தங்கை புருஷன்; ரொட்டிக் கம்பெனி ஒன்றின் டீசல் பிக்கப்பை ஓட்டினான். அதிர்ந்து பேசமாட்டான், வண்டியைத் துடைக்காமல் வீட்டுக்குப் போகமாட்டான். காதுக்காரருக்கு அவனைப் பிடிக்காமல் போக ஒரு காரணமும் இல்லை. அதனாலேயே அவனைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவனுக்கென்ன, ஸ்டியரிங்கப் புடிச்சா சம்பளம்" என்பதோடு முடித்துக்கொள்வார்.

ஒருநாள் அந்த வண்டி பட்டறைக்குள் நடுங்கிக்கொண்டே வந்து நின்றது. சகலை இறங்கினான். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு கம்பெனி முதலாளியம்மாவும் இறங்கினார். இன்ஜினை அணைக்கவில்லை. சைடு கண்ணாடியில் தெரிந்த தெரு கலங்கிய தண்ணீர்போல் ஆடியது. பின்னால் காலி ரொட்டித் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன.

"என்னப்பா, வண்டிக்குக் குளிர் ஜுரமா?" என்றார் வெல்டர். பற்றவைக்கும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அவருக்கு வாய்தான் வேலை.

"ஓடும்போது ஒண்ணும் இல்லண்ணே," என்று சகலை காதுக்காரரிடம் சொன்னான். "சிக்னல்ல நின்னாத்தான் இப்படி ஆடுது. நீங்க கிளட்ச் தட்டு மாத்திக் குடுத்தீங்கல்ல, அதுக்கப்புறந்தான்."

"அப்போ டாக்டராலதான் ஜுரமே வந்திருக்கு!" என்றார் வெல்டர். பட்டறை சிரித்தது. முதலாளியம்மாவும் லேசாகச் சிரித்தார்.

காதுக்காரர் சிரிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தார். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லையோ, அதன் குழாயைத் தளர்த்தினால் இன்ஜினில் மாற்றம் தெரியாது. இங்கே எதைத் தளர்த்தினாலும் இன்ஜின் ஒரே மாதிரி தடுமாறியது. அதாவது, நான்கும் ஒழுங்காக உழைத்துக்கொண்டிருந்தன. டீசலும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் அடுத்த நிமிடம் கீழே படுத்து, இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்களைப் பார்த்திருப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது.

"டீசல் எங்க போடுற?" என்றார்.

"எப்பவும் போடுற பங்க்லதான்."

"எப்பவுமே அங்கதானா?"

கேட்ட விதத்தில் முதலாளியம்மாவின் தலை திரும்பியது. காதுக்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே அவரிடம் சொன்னார். "டீசல்ல கலப்படம்மா. டேங்க்லேருந்து நல்லத எடுத்துட்டு வேற எதையாவது ஊத்தி வெச்சா, நிக்கும்போது இப்படித்தான் ஆடும்."

எடுத்தது யார் என்று அவர் சொல்லவில்லை. அந்த வண்டியை ஓட்டுவது ஒரே ஒரு ஆள்.

"அண்ணே, என்னண்ணே சொல்றீங்க?" என்றான் சகலை.

"நான் வண்டியப் பத்தித்தான் சொன்னேன்."

முதலாளியம்மா கையை நீட்டினார். "சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போப்பா. வண்டி சரியாகட்டும், அப்புறம் பேசிக்கலாம்." சகலை சாவியை அவர் கையில் வைத்தான். காதுக்காரரை ஒருதரம் பார்த்தான். முறைத்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் வெறுமனே பார்த்துவிட்டு நடந்து போனான்.

அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டு சத்தத்தோடு தரையில் உட்கார்ந்தது.

"என் தங்கச்சி போன் பண்ணா," என்றாள் மனைவி. "எங்க வீட்டுக்காரர் திருடன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாராமேன்னு கேட்டா. நான் என்ன சொல்றது?"

"நான் திருடன்னு சொல்லலையே."

"இன்ஜின்ல மூணாவது வால்வு முனகினா கேக்குது உங்களுக்கு. அவ அழுவுறது கேக்கலையா?"

காதுக்காரர் குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். அது ரசம்.

மறுநாள் டேங்கைக் காலி செய்தார். டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அடியில் தண்ணீர் இல்லை, கசடு இல்லை, வாசனையும் சுத்தம். அதைவிட நல்ல டீசலை அவரே பார்த்ததில்லை. கொஞ்சமாவது அழுக்கு இருக்கக்கூடாதா என்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மெக்கானிக் அழுக்குக்கு ஏங்கிய நாள் அது. டேங்கைக் கழுவி, புது டீசல் ஊற்றி, பில்டரை மாற்றி, ஸ்டார்ட் செய்தார். வண்டி முன்பு போலவே நடுங்கியது.

வேறு வழியில்லாமல் கீழே படுத்தார். கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. கிளட்ச் வேலை முடித்ததும் மவுண்டிங் போல்ட்டுகளை லேசாகப் பிடித்து வைத்து, கியர்பாக்ஸைத் தூக்கிப் பிடித்திருந்த ஜாக்கியை இறக்கி, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும். அது தானாக ஆடி அசைந்து தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டை இறுக்க வேண்டும். பட்டறையில் இதை எல்லாருக்கும் போதித்தவர் அவர்தான். அன்றைக்கு யாரோ ஒரு லாரிக்காரர் பக்கத்தில் நின்று அவர் காதைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டே, ஜாக்கி தாங்கி நிற்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டார். முறுக்கிய ரப்பர் இன்ஜினின் ஆட்டத்தை விழுங்காமல் அப்படியே வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

போல்ட்டைத் தளர்த்தினார். 'டக்' என்று ரப்பர் நேரானது. ஓடவிட்டு இறுக்கினார். சைடு கண்ணாடியில் தெரு அசையாமல் நின்றது. தரையை விட்டு எழுந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. வண்டியின் கீழே இருந்தவரை யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

சாயங்காலம் முதலாளியம்மா வந்தார். இன்ஜின் ஓசையைக் கேட்டார், முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! டேங்கக் கழுவினதும் சரியாப் போச்சு. நீங்க சொன்னது அப்படியே நடந்துடுச்சு. நல்லவேளை, சொந்தக்காரன்னு பாக்காம சொன்னீங்க. நாளைக்கே வேற டிரைவர் பாத்துடறேன்."

காதுக்காரர் வண்டியைச் சரிசெய்ததே சகலைக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நன்றாகச் செய்த வேலைக்காக அவர் இப்படிக் கூனிக் குறுகியது அதுவே முதல் தடவை.

"இல்லம்மா... டீசல் மட்டும் காரணம் இல்ல..." என்று இழுத்தார்.

"உங்களுக்கு எப்பவும் தன்னடக்கம்," என்றார் அந்த அம்மா.

"தன்னடக்கமா? இவருக்கா?" என்றார் வெல்டர்.

காதுக்காரர் "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று இன்ஜினை அணைத்துவிட்டு ஜாக்கியை உருட்டி வந்தார். கியர்பாக்ஸுக்குக் கீழே வைத்துத் தூக்கினார். மவுண்டிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, அன்றைக்குச் செய்தது போலவே, தூக்கிய நிலையிலேயே வைத்து இறுக்கினார். நல்ல வேலையை இத்தனை கவனமாக யாரும் கெடுத்திருக்கமாட்டார்கள். ஜாக்கியை இறக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தார். வண்டி நடுங்கியது. தட்டுகள் கடகடத்தன.

"இதே டீசல்," என்றார். "கழுவின டேங்க். நான் போல்ட்ட மாட்டின விதந்தான் தப்பு. அவன் வண்டியில கை வெக்கல. கிளட்ச் போட்டதுக்கப்புறம்னு அவன் சொன்னதுதான் சரி. எல்லாரும் சிரிச்சீங்க; எனக்குப் பொறுக்கல. அவன்மேல போட்டுட்டேன்."

வெல்டர் குனிந்து தன் வேலைக்குத் திரும்பினார். கேலி செய்திருந்தால் தேவலை என்று காதுக்காரருக்குத் தோன்றியது. முதலாளியம்மா இன்ஜினைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"இத நேத்தே பாத்திருக்கலாமே?"

"பாத்திருக்கலாம்மா."

"பாக்கத் தெரியாமலா?"

"தெரியும்மா." இதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

அந்த அம்மா போனை எடுத்துச் சகலையைக் கூப்பிட்டார். "வாப்பா. உன்னத் தப்பா நெனச்சுட்டேன். வந்து வண்டிய எடு" என்றார்.

அவன் வரும்வரை காதுக்காரர் ஸ்பேனர்களைத் துடைத்தார்; துடைத்ததையே மறுபடி துடைத்தார். சகலை வந்ததும் முதலாளியம்மாவே நடந்ததைச் சொன்னார். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

"தம்பி..." என்று ஆரம்பித்தார் காதுக்காரர்.

"இருங்கண்ணே. இப்ப வண்டி சரியா இருக்கா, கெட்டு இருக்கா?"

"கெட்டு இருக்கு. காட்டுறதுக்காக நான்தான்... இதோ, இப்பவே சரி பண்ணிடறேன்."

"வேணாம்ண்ணே." சகலை சட்டையைக் கழற்றி வண்டியின் கதவில் மாட்டினான். "நாளைக்கு இத ஓட்டப் போறது நான். போல்ட்ட நானே இறுக்கறேன். எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

சகலை கையை நீட்டினான். காதுக்காரர் தன் ஸ்பேனரை அதில் வைத்தார். அதை அவர் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. சகலை தரையில் படுத்து வண்டிக்கடியில் நகர்ந்தான். காதுக்காரர் மண்டியிட்டு, கைவிளக்கை எடுத்து உள்ளே நீட்டினார்.

"கண்ணுல அடிக்குதுண்ணே," என்றது கீழிருந்து ஒரு குரல். "கொஞ்சம் அந்தப் பக்கம் காட்டுங்க."

அவர் அந்தப் பக்கம் காட்டினார்.