அந்தமான் மீன்

கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் தனியாக வசிக்கும் வங்கி அதிகாரி பூங்கோதை, அந்தமான் பவளப்பாறைகளில் எப்போதாவது மட்டுமே தென்படும் மீன் ஒன்றை ஆறு ஆண்டுகளாக வளர்த்தார். அதன் வாலோரம் சற்றே பிளந்திருக்கும். பயிற்சிக்காக மும்பை போனபோது அதைத் தம்பி விக்ரமிடம் விட்டுச் சென்றார். திரும்பி வந்ததும், "செத்துப்போச்சுக்கா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பூங்கோதையும் அழுதார்.

சில மாதங்களில் அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. பூங்கோதை சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு சால்ட் லேக்கில் அவன் அலுவலகத்துக்குப் போனார். மேலதிகாரியின் அறையில், கண்ணாடித் தொட்டிக்குள் வாலோரம் பிளந்த அதே மீன் நீந்திக்கொண்டிருந்தது.

"அவர் ஆசைப்பட்டாருக்கா" என்று விக்ரம் முனகினான்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்டா. எதுக்கு எங்கூட உக்காந்து அழுதே?"

பூங்கோதை லிஃப்டுக்குக் காத்திராமல் ஏழு மாடியும் படியிலேயே இறங்கினார். அதன்பின் அவன் அழைப்பை அவர் எடுத்ததே இல்லை.