காய்ச்சல் விட்ட அன்று

என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழியை வேறு யார் தலையிலும் கட்டுகிற ஆள் இல்லை நான்.

புளி உலுக்கும் சமயம் அது. மரத்திலிருந்து இறங்கியவரின் வலது பாதத்தில் வெட்டிவிட்ட மூங்கில் கட்டை ஒன்று ஏறிவிட்டது. மஞ்சளைக் குழைத்துப் பூசி, துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் மரம் ஏறினார். சொன்னால் கேட்கிற மனிதரா அவர்? மூன்றாம் நாள் பாதம் சிவந்து வீங்கியது. சாயங்காலம் நடுக்கம், அப்புறம் அனலாய்க் காய்ச்சல். விடிந்ததும் மலையிறங்கி ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்புக்குச் சொல்லி வைத்தேன். காலையில் தொட்டுப் பார்த்தால் உடம்பு ஜில்லென்று இருந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜீப்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றேன். வாசலில் வந்து விசாரித்தவர்களிடமெல்லாம் காய்ச்சல் விட்டுவிட்டது என்றேன். காய்ச்சல் விட்டால் எங்கள் வீட்டில் தலைக்கு ஊற்றுவது வழக்கம். வெந்நீர் வைத்து அவரைக் கல்லின்மேல் உட்காரவைத்தேன். வேட்டியை மடித்துவிட்டபோதுதான் முழங்கால்கள் கண்ணில் பட்டன. தோலில் ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

"ராத்திரி மூத்திரம் போனீங்களா?" என்று கேட்டேன்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றார்.

நாங்கள் மாட்டை விற்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எங்களோடு இருக்கும் நாத்தனார் சொன்னாள், "அதான் காய்ச்சல் வுட்டுச்சே அண்ணி. ஊத்திப் படுக்க வைங்க, தூங்கி எழுந்தா சரியா பூடும்."

சொம்பைத் தூக்கி எறிந்தேன். கோபம் அவள்மேல் இல்லை, என்மேல்தான். ஜீப் அதற்குள் வேறு சவாரிக்குப் போயிருந்தது. தெருமுனையில் புளி மூட்டை ஏற்றிய டெம்போ நின்றது. மூட்டைகளை இறக்க நேரமாகும் என்றார் டிரைவர்.

"எறக்க வேணாம், மேலயே படுக்க வெச்சிக்கறேன். வண்டிய எடுங்க" என்றேன்.

ஆலங்காயத்தில் குளுக்கோஸ் ஏற்றி, ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"காயத்துல இருந்த கிருமி ரத்தத்துல கலந்துடுச்சும்மா. அதை எதிர்த்து உடம்பு கிளம்பிச்சு. கால்ல நடக்க வேண்டிய சண்டை இப்ப உடம்பு முழுக்க நடக்குது. ரத்தக் குழாயெல்லாம் தளர்ந்து கசியுது. பிரஷர் இறங்கிடுச்சு, கிட்னிக்கு ரத்தம் பத்தல."

"அப்ப காலையில காய்ச்சல் வுட்டது?"

"விடலம்மா. காய்ச்சல் அடிக்கிற தெம்புகூட உடம்புல இல்லாம போச்சு."

சாமைக் கொல்லையில் புகுந்த பன்றியை விரட்டப் போன எங்கள் ஆட்களே கொல்லை முழுக்க மிதித்து நாசமாக்கியதைப் பார்த்திருக்கிறேன். அவரைக் கொன்றுகொண்டிருந்ததில் பாதி அவர் உடம்பேதான். அன்று வெந்நீரை ஊற்றிப் போர்த்திப் படுக்கவைத்திருந்தால் மீதியை நான் முடித்திருப்பேன்.

மருந்து மேல் மருந்து ஏற்றியும் பிரஷர் ஏறி நிற்கவில்லை. பாதத்தின் முன்பாதி செத்துவிட்டது, அதை எடுத்தால்தான் உள்ளே நடப்பது அடங்கும் என்றார்கள். அவருக்கு நினைவில்லை. கையெழுத்து நான் போட வேண்டும்.

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மலையில கால் இல்லாம இன்னா பண்ணுவாரு? அண்ணன் முழிச்சதும் ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடலாம் அண்ணி."

"முழிக்கணும்னுதான் போடறேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பயம் இல்லாமல் இல்லை, ஆனால் யோசிக்கிற கட்டம் தாண்டியிருந்தது.

ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள், மூச்சுக்காகத் தொண்டையில் விட்டிருந்த குழாயை எடுத்தார்கள். அவர் காலில் சுற்றியிருந்த கட்டுத்துணியைப் பார்த்தார்.

"யாரு எடுக்கச் சொன்னது?"

"நான்தான். திட்டணும்னா திட்டுங்க."

திட்டினார். மரம் ஏறுகிறவன் காலை வெட்டக் கொடுத்தாயே என்றார். என் பிறந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை. குரல் கரகரத்தது, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கினார். பேசவிடாதீர்கள் என்று நர்ஸ் வந்து சொன்னார். பேசட்டும் விடுங்கள் என்றேன். ஸ்டூலை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.