இலஞ்சி வரை வழித்தட ஆய்வு

அறுபதுகளில் தென்காசியில் ஒரு பஸ் கம்பெனி ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். சம்பளம் தொண்ணூற்றாறு ரூபாய். ஒண்டி ஆளுக்கு அது தாராளம்தான். ஆனால் இலஞ்சியில் இருந்த தூரத்து மாமாவின் மகளைப் பெண் கேட்டுப் போனபோது, மனுஷர் தென்னந்தோப்பில் நின்றபடியே கணக்கை முடித்துவிட்டார்.

“பையன் தங்கம்தான், நான் இல்லேங்கல. ஆனா சம்பளம் மூணு இலக்கம் ஆகட்டும் மாப்ளே. தொண்ணூத்தாறு வாங்குதவனுக்குப் பொண்ணக் குடுத்தேன்னு நாலு பேருகிட்ட எப்பிடிச் சொல்லுதது?”

பம்புசெட் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்த அவள் தலையை நிமிர்த்தாமலே சிரித்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆடி முடிந்தால் வருஷாந்திர உயர்வு ஐந்து ரூபாய் வரும். நூற்றொன்று! மொய் எழுதுகிற தொகை மாதிரி மங்களகரமான சம்பளம். அதை மாமாவிடம் சொல்லி, ஆவணி வரை அவகாசம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஆனியில் பார்த்து டீசல் விலை ஏறித் தொலைத்தது.

எங்கள் மானேஜர் மெட்ராஸிலிருந்து வந்தவர். எண்ணூறு ரூபாய் சம்பளம், வீடு, கார், காருக்குப் பெட்ரோல், எல்லாம் கம்பெனி செலவு. அவர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, கம்பெனி நஷ்டத்தை ஏறக்குறைய அழுதுகொண்டே சொன்னார். இந்த வருஷம் யாருக்கும் உயர்வு சந்தேகம்தானாம். குற்றாலத்திலிருந்து திரும்பும் பஸ்கள் இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருண்டு வரவேண்டுமாம். அந்த உத்தரவை நான்தான் டைப் அடித்தேன். இன்ஜின் சத்தமில்லாமல் முதல் பஸ் உருண்டு வந்த அன்று, முறுக்குக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா, “ஏ டிரைவரு, எறங்கித் தள்ளணும்னா இப்பமே சொல்லிரும். டிக்கெட்டுக்கு ரூவா குடுக்காண்டாம்லா!” என்றாளாம்.

உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. பெட்ரோலோ டீசலோ, எந்த வண்டிக்குப் போட்டாலும் போன இடம், போன காரியம் இரண்டையும் டிரைவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரவேண்டும். மாதக் கடைசியில் நான் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக டைப் அடித்துத் திருநெல்வேலியில் இருக்கும் முதலாளிக்கு அனுப்பவேண்டும். தன் காரும் ஒரு வண்டிதான் என்பது மானேஜருக்கு அப்போது தோன்றவில்லை.

சீசன் வேறு. சாரல் விழுந்த நாள் முதல் மனுஷர் காலையும் மாலையும் காரில் குற்றாலம் போய் அருவியில் நின்றார். கார் டிரைவர் அண்ணாச்சி உண்மை விளம்பி. முதல் மாதச் சீட்டுகளைப் பிரித்தால் வரிசையாக ஒரே எழுத்து: ‘குற்றாலம். எண்ணெய்க் குளியல்.’ ‘குற்றாலம். எண்ணெய்க் குளியல்.’ நடுவில் ஒன்றே ஒன்று: ‘குற்றாலம். துண்டை மறந்துட்டு வந்தோம்.’

சீட்டுகளைக் காட்டியதும் மானேஜர் முகம் வெளுத்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு என்னிடம் குழைந்தார். “எல்லாத்துக்கும் வழித்தட ஆய்வுன்னு போட்டுடுப்பா. உன் இன்க்ரிமெண்ட்டை நான் பார்த்துக்கறேன்.”

அவள் சிரிப்பு ஞாபகம் வந்தது. மனசாட்சி என்ன பெரிய மனசாட்சி! போட்டேன். அடுத்த மாதமும் போட்டேன்.

டிரைவர் அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். “கோமணத்தோட அருவியில நிக்கது ஆய்வாம்லா! தம்பி, நீரு நல்லா வருவேரு.”

ஆவணியில் முதலாளியின் கடிதம் வந்தது. பிரித்துப் படித்தவன் நான். விலை ஏறிய இந்த நெருக்கடியிலும் தினம் இருவேளை குற்றாலம் வழித்தடத்தை நேரில் ஆய்வு செய்யும் மானேஜரின் உழைப்பு அவரை நெகிழ வைத்துவிட்டதாம். மானேஜருக்கு மாதம் நூற்றைம்பது ரூபாய் உயர்வு. டீசல் விலையை முன்னிட்டு மற்றவர்களுக்கு நிறுத்தம்.

படுபாவி நான், என் கையாலேயே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்!

மானேஜர் வாக்குத் தவறவில்லை, அதையும் சொல்லவேண்டும். எனக்கு மட்டும் விசேஷ உயர்வு வாங்கித் தந்தார். மூன்று ரூபாய். “நூறாக்கினா மத்தவங்களும் கேப்பாங்கப்பா” என்றார்.

தொண்ணூற்றொன்பதைச் சுமந்துகொண்டு இலஞ்சிக்குப் போனேன்.

“ஒரு ரூவாதான மாமா கொறையுது?”

“ஒரு ரூவாதான். ஆனா எண்ணிப் பாத்தா ரெண்டு இலக்கம்லா மாப்ளே வருது.”

தொட்டியடியில் அவள் இருந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆலங்குளத்தில் சர்க்கார் குமாஸ்தா, நூற்றுப் பத்து ரூபாய். சுற்றுவட்டாரத்தில் கார் வைத்திருந்த அத்தனை பேருக்கும் மாமா பத்திரிகை வைத்திருந்தார். எங்கள் மானேஜர் போனார். எனக்கும் பத்திரிகை வந்தது. எனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். நான் லீவு கேட்கவே இல்லை.

மாதக் கடைசியில் சீட்டுகளைப் பிரித்தேன். டிரைவர் அண்ணாச்சி வழக்கம்போல உண்மையை எழுதியிருந்தார்: ‘இலஞ்சி. கல்யாணச் சாப்பாடு.’

பேப்பரைச் சொருகி, ‘இலஞ்சி: வழித்தட ஆய்வு’ என்று ஒரு பிழையும் இல்லாமல் டைப் அடித்தேன்.