மெதுவாக நடுகிறவள் பக்கத்தில்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. செங்கல் சூளை, இறால் கம்பெனி, சென்னையில் சித்தாள் வேலை என்று எங்கும் ஒரு வருஷத்துக்கு மேல் நான் தங்கியதில்லை. இன்றும் நடவு இல்லாத மாதங்களில் ஊரில் இருக்க மாட்டேன். அப்படிப்பட்டவளை நம்பித்தான் பாகூர் பக்கத்துப் பெண்கள் பதினைந்து பேர் பன்னிரண்டு வருஷமாக நடவுக்கு வருகிறார்கள். ஓரிடத்தில் கால் நிற்காதவளுக்குத் தலைமை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. கேட்கட்டும். கழனியில் என் இடம் ஒருநாளும் மாறியதில்லை. வரிசையில் யார் மெதுவோ அவள் பக்கத்தில்தான் நிற்பேன். அவள் பங்கில் இரண்டு மூன்று குத்து நாற்று நான் நட்டுவிட்டால் வரிசை உடையாமல் பின்னால் நகரும்.

போன சம்பாவில் மெதுவானவள், காய்ச்சல் வந்து விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போன ஒருத்தி. ஏம்பலத்தில் ஆறு ஏக்கர், நாலு நாள் வேலை. முதல் நாள் நாங்கள் சோற்றுக்குக் கரையேறும் நேரத்தில் நிலத்துக்காரர் வரப்பில் வந்து நின்றார். பாகூரில் கடை வைத்திருப்பவர்.

“இன்னாம்மா, அந்தப் பொம்பள ஊனறதுக்குள்ள நாத்து முத்திப்பூடும் போல கீதே. நாளைக்கு அவள உட்டுட்டு வா.”

“அவ வரலன்னா நானும் வரமாட்டேன் மொதலாளி.”

“நீ வரலன்னா கழனி அழுவுமா? ஒரு போன் போட்டா மிஷின் வந்து நிக்கும்.”

“இந்தச் சேத்துல எறக்கிப் பாருங்க. மிஷினத் தூக்கறதுக்கும் எங்களத்தான் கூப்புடணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களே சோறு தின்னும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

“ஒருத்திக்காக நாலு நாள் வேலைய உடறதாக்கா?” என்றாள் எங்களில் வாய்க்காரி.

“இன்னிக்கி அவ வெரலு. நாளைக்கி ஒன் முட்டிடி.”

“நான் வரலக்கா, உட்டுடு” என்றாள் விரல் வீங்கியவள்.

“நீ வாய மூடினு சோத்தத் துன்னு.”

மறுநாள் காலை குட்டியானை வண்டியில் ஏறியது என்னோடு சேர்த்து ஆறே பேர். மற்ற பத்துப் பேரை வாய்க்காரி வேறு வண்டியில் ஏம்பலத்துக்குக் கூட்டிப் போய்விட்டாள். நிலத்துக்காரர் அவளுக்குப் போன் போட்டிருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது; இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் ஒருத்தியைக் கழற்றிவிட்டுப் பதினாலு பேரைக் கட்டிக் காக்கிற தலைமை எனக்கு வேண்டாம். அடுத்து யாரைக் கழற்றுவேனோ என்று அந்தப் பதினாலு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பண்டசோழநல்லூரில் துண்டு துண்டாகக் கொஞ்சம் நிலம் கிடைத்தது. ஆறு பேரும் இறங்கினோம். மூட்டு வீங்கியவள் பக்கத்தில் நான்.

அங்கே இரண்டாம் நாள் வேலை முடிந்து சாயங்காலம் ஏம்பலம் வழியாகத் திரும்பினோம். அந்தக் கழனியில் வரிசை மூன்றாக உடைந்து கிடந்தது. எல்லாருக்கும் பிந்தி, வெகு தூரத்தில் தனியாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தவள் வாய்க்காரியின் சொந்த நாத்தனார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

“அக்கா! நாளைக்கு வண்டி எத்தினி மணிக்கு?”

வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

“அஞ்சரைக்கு! அந்த வெரலு வீங்கனவளும் வருவா. அவகூட வரிசைல நிக்கறதா இருந்தா வா!”

நிலத்துக்காரர் வரப்பில் நின்றிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.