பல்லுக்கு ஒரு வெள்ளை, காதுக்கு ஒரு வெள்ளை

தேனியில் நான் முதன்முதலாக வேலை பார்த்த பல் கட்டும் லேபில், ஜன்னலோர மேஜையில் பல்லின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற தகடு ஒன்று இருக்கும். அதில் பதினாறு பொய்ப் பற்கள் வரிசையாகச் செருகியிருக்கும். எல்லாமே ஒரே வெள்ளைதான் என்று முதல் நாள் நான் சத்தியமே செய்திருப்பேன். அந்த மேஜையில் பீங்கான் வேலை செய்த அக்கா ஒவ்வொன்றாக எடுத்து, இதில் மஞ்சள் தூக்கல், இதில் சாம்பல் என்பார். எனக்கு ஒரு மண்ணும் விளங்காது. பக்கத்து மேஜையில் பிளாஸ்டர் அச்சு வார்க்கிறவன் நான். எனக்கு வெள்ளை என்றால் சாயங்காலம் கையிலிருந்து தேய்த்துக் கழுவ வேண்டிய ஒன்று, அவ்வளவுதான்.

மேகம் மலையை விட்டு இறங்கி வருகிற மதியங்களில் லேபே அரைத் தூக்கத்தில் கிடக்கும். அக்கா மட்டும் கண்ணாடிப் பலகையில் பீங்கான் பொடியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, தூரிகை நுனியால் ஒரு பல்லை அடுக்கடுக்காகக் கட்டிக்கொண்டிருப்பார். ஈறோரம் லேசான பழுப்பு, நடுவில் வெள்ளை, நுனியில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நீலம். ஃபர்னஸில் சுட்டெடுத்தால் அது யாரோ ஒருவர் சின்ன வயதிலிருந்தே வைத்திருந்த பல் மாதிரி இருக்கும். வேலை முடிந்ததும், முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, மிச்சமான சுத்த வெள்ளைப் பொடியை மணிகளாக்கிச் சுடுவார். வெள்ளிக் கம்பியில் கோத்தால் தோடு. அந்த வெள்ளையில் ஒரு கலப்பும் கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்தால் மனசுக்குள் ஏதோ அடங்கிப்போகும். ஏனென்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நாள் பூரா யாரு கண்ணுலயும் படாத வெள்ளையத்தான் செய்யிறேன் தம்பி. இதையாச்சும் நாலு பேரு பாக்கட்டுமே" என்பார்.

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம். வீரபாண்டித் திருவிழா நெரிசலில் விழுந்து அவளுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் சொன்னோம். அவர்கள் அதைப் பெரிதுபடுத்தவே இல்லை. இவள்தான் சிரிப்பதை விட்டுவிட்டாள். வீட்டையே இரண்டாக்குகிற சிரிப்பு அவளுடையது. இப்போது பேசும்போதுகூடத் துப்பட்டா வாய்க்குப் போனது. உடைந்த பல்லின்மேல் பீங்கான் கேப் போடலாம் என்று சொன்ன டாக்டர், நிறம் பார்க்க அவளை எங்கள் லேபுக்கே அனுப்பினார். அக்கா அவளை ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பொய்ப் பற்களை ஒவ்வொன்றாக உதட்டோரம் பிடித்துப் பார்த்தார். தங்கையோ மேஜையில் கிடந்த தோட்டைக் காட்டி, "எனக்கு இந்த வெள்ளையில வேணும்க்கா" என்றாள்.

"அது காதுக்கு ஆத்தா. வாயில வச்சா ஊரே பல்லத்தான் பாக்கும், உன்னையப் பாக்காது."

அவள் அழுதே விட்டாள். போனதுதான் போயிற்று, வருவதாவது நல்ல வெள்ளையாக வரட்டுமே என்பது அவள் நியாயம். அக்கா பக்கத்துப் பல்லில் மயிரிழையாக ஓடிய ஒரு கீறலைக் காகிதத்தில் வரைந்துகொண்டார். புதுப் பல்லிலும் அந்தக் கீறலை வைத்தார். மாட்டிய அன்று தங்கையின் முகம் சுண்டிப்போனது. "பழசு மாதிரியே இருக்கே" என்றாள். அக்கா அந்தத் தோட்டை எடுத்து அவள் கையில் வைத்தார்.

கல்யாண வரவேற்பில் அவள் அதைத்தான் போட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, "எங்கன வாங்குன?" என்றார்கள். "பல்லு கட்டுற கடையில" என்றவள், அவர்கள் விழித்த விழியைப் பார்த்துப் பழையபடி வாய்விட்டுச் சிரித்தாள். மண்டபமே திரும்பியது. வரவேற்புக்கு வந்திருந்த அக்கா என் கையைப் பிடித்து, "தம்பி, பல்ல யாராச்சும் பாத்தாகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா இப்போது சொந்தமாகப் பீங்கான் நகை செய்கிறார். வெள்ளை மட்டும்தான். சென்னை, கொச்சி என்று கூரியரில் போகிறது. கடைவீதியில் எல்லா நிறமும் நம்மைக் கூவிக் கூப்பிடும்போது, பேசாமல் இருக்கிற இதைத்தான் ஜனங்கள் திரும்பிப் பார்க்கிறார்களோ என்னவோ.

போன வாரம் தங்கை மகளுக்குப் பால்பல் விழுந்தது. "உனக்கு எந்தப் பல்லும்மா உடைஞ்சுச்சு?" என்று கேட்டாள். தங்கை கண்ணாடியில் பார்த்தாள், நாக்கால் தடவினாள். "எதுன்னே தெரியலையேண்ணே" என்று என்னைப் பார்த்தாள். நானும் உற்றுப் பார்த்தேன். தெரியவில்லை. உடனே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"இடது பக்கந்தான் தம்பி" என்றார். "அவகிட்டச் சொல்லிராத."