அமெரிக்கத் தளத்தில் ஏசி வேலை

அமெரிக்கா ஈரான்மேல் குண்டு போட்ட செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. என் கணவர் அப்போது கத்தாரில், அமெரிக்கப் படையின் விமானத் தளத்துக்குள் ஏசி மெக்கானிக். ஓசூர் வீட்டில் நானும் என் அண்ணனும் டிவி முன்னால் நின்றோம்.

"திருப்பி அடிப்பாங்களாண்ணே?"

"அடிச்சா அந்த மாதிரி எடத்துலதான் அடிப்பாங்க" என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்தார்.

அவருக்குத் தெரியும். ஈராக் போரின்போது, குவைத் ஓட்டலில் சமையல் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பிப் போனவர். அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, லாரியில் ஏற்றி, ஈராக்கில் ஓர் அமெரிக்க முகாமின் சமையலறையில் இறக்கிவிட்டார்கள். திரும்பி வந்தபின் அந்த முகாமில் நடந்ததைப் பற்றி எங்களிடம் வாய் திறந்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை நான் வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் செல்போனை நீட்டினாள். கறுத்த வானத்தில் நெருப்புக் கோடுகள். "அக்கா, ராத்திரி ஈரான் அடிச்சிருக்குதாம். உங்க வீட்டுக்காரர் இருக்கற எடந்தானே?"

சிப்காட் கேட் வரும்வரை அவரைப் போனில் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லைனில் ஒயர்களை இடம் மாற்றி மாற்றிச் சொருகினேன்.

"ஏனாயித்தம்மா? ஒடம்பு சரியில்லையா?" என்றார் கன்னடக்கார லைன் லீடர். தப்பாகச் சொருகியதையெல்லாம் பிடுங்கினேன்.

டீ நேரத்தில் லாக்கருக்கு ஓடினேன். போன் அடித்துக்கொண்டிருந்தது. அவர்தான்.

"பயப்படாத. முன்னாடியே எங்கள வெளிய ரூமுக்கு அனுப்பிட்டாங்க. சத்தம் கேட்டுச்சு, ஜன்னல் ஆடுச்சு. நாளைக்கு டூட்டிக்கு வரச் சொல்லிட்டாங்க."

"மறுபடியும் அதுக்குள்ளயாங்க?"

"வேற எங்க?"

சாயங்காலம் அவர் திரும்ப அழைத்தபோது அண்ணன் போனை வாங்கிக்கொண்டார்.

"மாப்ள, அன்னிக்கு ஈராக்ல பயங்கர ஆயுதம் இருக்குதுன்னுதான் உள்ள பூந்தாங்க. கடைசிவரைக்கும் ஒண்ணும் கெடைக்கல. ஆனா எங்க சமையக்கட்டுப் பக்கத்துல குண்டு விழுந்துச்சு. எங்கூட வெங்காயம் உரிச்சிட்டிருந்த தேன்கனிக்கோட்டைக்காரன் அங்கியே போய்ட்டான். தரையக் கழுவிட்டு மத்தியானச் சோறு போடச் சொன்னாங்க. போட்டேன். அவங்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும் மாப்ள. உங்களுக்கு என்ன இருக்குது? வந்துடுங்க."

இத்தனை வருடம் அண்ணன் வெங்காயம் உரிக்க மறுத்ததை நாங்கள் கேலி செய்திருக்கிறோம்.

ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு என் கணவர் வந்து சேர்ந்தார். அந்த மாதமே சூளகிரிப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது தூரத்துக் கல்குவாரியில் வெடி வைத்தார்கள். உள்ளூர்க்காரர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். என் கணவரும் அண்ணனும் மட்டும் இலையை விட்டு எழுந்து, எச்சில் கையோடு வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.